தலைப்பிரசவமும் தட்டுகளின் எல்லையும்

தாயில்பட்டி,
ஆவணி, 2005.

அன்புள்ள மாப்பிள்ளை மாரிக்கண்ணன் அவர்களுக்கு, மாமனார் ஊர்க்காவலன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் சுகம். போர்ட் பிளேரில் நீங்களும், மகள் ரோஜாவும், அவள் வயிற்றுப் பிள்ளையும், உங்கள் காலடித் தரையும் சுகமாக இருக்க இருக்கன்குடி மாரியம்மன் துணை.

பூமியின் மேலோடு பல தட்டுகளாக நகர்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலவே எனக்கும் எழுதியிருந்தீர்கள். எல்லையில் இரண்டு தட்டு முட்டினால் இமயமலை எழும்புமாம், விலகினால் நடுக்கடலில் கீழிருந்து புதுப்பாறை பொங்குமாம், சில இடத்தில் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகுமாம்; உங்கள் ஊர்ப்பக்கம் நம் இந்தியத் தட்டு பர்மாத் தட்டுக்கு அடியில் நுழைகிறதாம், நுழைகிற இடத்தில் சிக்கி, வருஷக்கணக்காக இறுகி, ஒருநாள் பட்டென்று விடுபட்டதில்தான் போன மார்கழியில் கடல் பொங்கியதாம். மாப்பிள்ளை, நான் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வெடிமருந்து அறையில் ஒரு டப்பாவைத் தரையில் இழுத்து உரசினாலே அன்றைக்கே ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். அடியில் ஒரு ரப்பர் விரிப்புகூடப் போடாமல் இவ்வளவு பெரிய பூமியை உரச விட்டிருக்கிறார்களே, கேட்க நாதியில்லையா? ஆகவே ரோஜாவைத் தலைப்பிரசவத்துக்கு உடனே இங்கே அனுப்பிவையுங்கள். நம் ஊர் எந்த எல்லைக்கும் பக்கத்தில் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

போன வாரம் இங்கும் லேசாக ஆடியது, மறைக்கவில்லை. மத்தியானம் ஜன்னல் கடகடத்ததும், புகை எந்தப் பக்கம் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே ஊர் முழுக்கக் கம்பெனிகளுக்கு ஓடிவந்துவிட்டது. உங்கள் மாமியார் முத்துப்பேச்சி செருப்புகூட இல்லாமல், கையெல்லாம் தோசை மாவோடு எங்கள் கம்பெனி கேட்டில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கட்டிய நாள் முதல் சொல்லாத பெயர்! நான் வெளியே வந்ததும் முதுகில் ஓங்கி ஓர் அடி, பிறகு ஓவென்று அழுகை. அப்போது வாட்ச்மேன் ஒச்சப்பன் வந்து, "அழாதீக தாயி, எந்தக் கம்பெனியும் வெடிக்கல. டிவியில சொல்லிட்டாக, வெறும் பூகம்பந்தான்!" என்றார். கேட்டில் கூடியிருந்த அத்தனை பெண்களும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பூகம்பம் என்றதும் சந்தோஷப்பட்ட ஊர் உலகத்தில் நம் ஊராகத்தான் இருக்கும்.

எனவே பயமில்லாமல் அனுப்பலாம். பிறக்கப்போகும் பேரனுக்கோ பேத்திக்கோ தாத்தாவின் முத்தம்.

இப்படிக்கு,
ஊர்க்காவலன்

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் இதை உங்கள் மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். "அங்கன பூமி என்னைக்காவதுதான் ஆடுது. இங்கன நீங்க காலையில போயி பொழுதடையத் திரும்புற வரைக்கும் எனக்குத் தெனமும் ஆடுதே! எம் மகளையும் கொண்டாந்து அந்தக் கேட்டுல நிப்பாட்டணுமாக்கும்?" என்கிறாள். அவள் சொல்வதே சரி. ரோஜா அங்கேயே இருக்கட்டும், நாங்கள் இருவரும் கப்பலேறி வருகிறோம். தீபாவளி சீசன் நேரத்தில் லீவு கேட்டால் தரமாட்டார்களே என்றேன். "லீவு கேக்காதீக. கணக்க முடிச்சிட்டு வந்துருங்க" என்றுவிட்டாள். உங்கள் பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் வேலை ஏதும் காலியிருந்தால் விசாரித்து வைக்கவும்.