வால் இல்லாத கம்ப்யூட்டர்

உடம்பெல்லாம் பல், கடிக்கத் தெரியாது. வால் வந்தால்தான் உயிர் வரும். அது என்ன?

சோளக்கதிர் என்று சொல்லிவிடாதீர்கள். எத்தனை வால் ஒட்டினாலும் சோளக்கதிருக்கு உயிர் வராது. கம்பம் ஊரில் உரக்கடைக் கணக்கர் சுந்தரலிங்கத்தைக் கேட்டிருந்தால், ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு விடை சொல்லியிருப்பார். அது அவருடைய பழைய கம்ப்யூட்டர். குமுளி எஸ்டேட் மேனேஜர் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது கொடுத்தது. பார்க்க வெறும் விசைப்பலகை. கம்ப்யூட்டர் முழுவதும் அதற்குள்ளேயே அடக்கம். டி.வி.யில் மாட்டினால் எழுத்து வரும்.

மாட்டத்தான் வால் இல்லை. டி.வி. வயரையும் காணோம், மின்சாரம் கொடுக்கும் கறுப்புப் பெட்டியையும் காணோம்.

அது 2001, மே மாதம். மகள் ஜோதிகாவை பஸ் ஸ்டாண்டு பக்கம் திறந்திருந்த கம்ப்யூட்டர் சென்டரில் சேர்க்க வேண்டும் என்றாள் மனைவி மாரீஸ்வரி.

"என் மகளுக்கு நானே சொல்லித் தருவேன்" என்றார் சுந்தரலிங்கம்.

"சரி. பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள அதுக்கு உயிர் வரணும். வந்தா, பிள்ளையே முடிவு பண்ணட்டும். வரலையா, பிள்ளை சென்டருக்கு, பலகை பழைய இரும்புக்கு."

அதே வாரம்தான் மாரீஸ்வரியின் தம்பி சுருளிவேலின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. சொந்தக்காரர்களுக்கு அதைத் தபாலில் அனுப்பினால் கல்யாணத்துக்கு வர மாட்டார்கள், சண்டைக்கு வருவார்கள். வீட்டு மாப்பிள்ளை நேரில் போய்க் கொடுக்க வேண்டும். "வீடு வீடா ஏறி இறங்க நம்மால ஆகாது" என்று சுந்தரலிங்கம் கையை விரித்துவிட்டார். மாரீஸ்வரி மறுபேச்சுப் பேசவில்லை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

"ஏங்க, கூடலூர் டி.வி. மெக்கானிக் ஜேசுராஜ்கிட்ட எல்லா வயரும் இருக்காம்ல?"

"அப்படியா?" சட்டையை மாட்டினார்.

"போறது போறீக, பக்கத்துலதான் எங்க சின்னம்மா வீடு. இந்தப் பத்திரிகையைக் கையில குடுத்திட்டு வந்திருங்க."

ஜேசுராஜிடம் டி.வி. வயர் கிடைத்தது. பெட்டிதான் கிடைக்கவில்லை. சுந்தரலிங்கம் கொண்டுபோன பலகையின் அடியில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார். "கடையில இருக்கிற பெட்டி எல்லாம் டி.சி. கரண்டு, சார். இது ஒம்பது வோல்ட் ஏ.சி. கேக்குது."

வீட்டில் வந்து சொன்னார்.

"நாமளே விசிறிமட்டையை வச்சுக் காலம் தள்ளுறோம். அதுக்கு ஏ.சி. கேக்குதோ?"

"அது வேற ஏ.சி., மாரி."

"எதோ ஒண்ணு. ஓடைப்பட்டி ரேடியோக்காரரைப் பாருங்களேன். அங்கன அத்தை வீடும் இருக்கு."

ஓடைப்பட்டிக்காரர் பெட்டி செய்து தருவதாகச் சொன்னார். ஆனால் கல்யாண சீசன். மைக்செட் வேலை முடிந்து ஆடி மாதம்தான் கை ஒழியும். அத்தை வீட்டில் ஒரு கூடை திராட்சையைத் தலையில் கட்டினார்கள்.

அடுத்தது ஆண்டிபட்டி. பஸ்ஸில் நின்றபடியே பயணம். அந்த மெக்கானிக் கடையை மூடி வருஷம் ஆகியிருந்தது. மாரீஸ்வரியின் சித்தப்பா வீடுகள் மட்டும் வரிசையாகத் திறந்திருந்தன. "மாப்பிள்ளை நேர்ல வந்துட்டாக!" என்று வீட்டுக்கு வீடு இலை போட்டார்கள். மூன்றாவது இலையில் அவருக்குக் கண் சொருகியது.

இடுப்பைப் பிடித்தபடி வீடு வந்து சேர்ந்தார். நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது.

"முடியல, மாரி. பலகையை இரும்புக்கே போட்டுரு."

மாரீஸ்வரி காபியை நீட்டினாள். கூடவே ஒரு கறுப்புப் பெட்டியையும் நீட்டினாள். அதன் மேல் இரண்டு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தன.

"இதுவா பாருங்க."

"எங்கன இருந்துச்சு?"

"அரிசி டிரம்முல."

"எப்ப இருந்து?"

"பத்திரிகை வந்த அன்னைக்குப் பரண்ல கிடைச்சுச்சு. அன்னையில இருந்து. இன்னைக்கு அரிசி அடிதட்டிருச்சு. இனி எதுக்குள்ள ஒளிக்க?"

கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. பெட்டியை மாட்டினார். டி.வி.யில் ஒரு சின்னச் சதுரம் மினுக்கியது. உயிர்! ஜோதிகாவை அழைத்து, அவள் பெயரைத் திரை நிறைய வரவழைத்துக் காட்டினார். பிள்ளை கைதட்டினாள்.

"நாளைக்கு ஆன் பண்ணாலும் இது இருக்குமாப்பா?"

"அணைச்சா அழிஞ்சிரும்மா. டேப் ரெக்கார்டர்ல பதிஞ்சு வைக்கணும். அதுக்கு வேற ஒரு வயர் வேணும்."

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "பெரியகுளத்துல கிடைக்குமாம்ங்க. அங்கன இன்னும் ரெண்டு வீடு பாக்கி."

அப்பா பெரியகுளம் போய்விட்டு வரட்டும், தான் சென்டருக்குப் போவதாக ஜோதிகா சொன்னாள்.