ஆறாவது சரணம்

டிசம்பர் முதல் தேதி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து என் அப்பா தேவசகாயம் ஒரு சபதம் எடுத்தார்.

"இந்த வருஷம் மேய்ப்பன் பாட்டை ஆறு சரணமும் முழுசா கேக்காம விடமாட்டேன். கேக்கலைன்னா எனக்குக் கிறிஸ்துமஸ்க்குப் புதுச்சட்டை வேணாம்."

"நல்லதுங்க. அந்தத் துணியில நான் ரெண்டு ஜாக்கெட் தைச்சுக்கறேன்" என்றாள் அம்மா.

சபதம் அங்கேயே பாதி செத்துப்போனது. எனக்குக் கோபம் வந்தது. எனக்கு யார் மேல் வேண்டுமானாலும் கோபம் வரும். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற எவளுக்கும் வரும். திண்டிவனத்தில் பால் பாக்கெட் வாங்கப் போனால்கூட "அடுத்து என்னம்மா படிக்கப் போறே?" என்கிறார்கள். நான் படிக்கப் போவதில்லை. வண்டி ஓட்டப் போகிறேன். அப்பா ஸ்கூல் வேன் ஓட்டுகிறார், நானும் ஓட்டுவேன். அம்மா முடியாது என்கிறாள். நர்ஸிங் படிக்க வேண்டுமாம். ரத்தத்தைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வராது, கோபம் வரும். நர்ஸுக்கு அது ஆகாது.

சரி, பாட்டுக்கு வருகிறேன்.

அப்பாவிடம் பழைய கிறிஸ்துமஸ் கேசட் ஒன்று உண்டு. விழுப்புரத்தில் ஒரு சர்ச் பாடகர் குழு ரொம்ப வருஷத்துக்கு முன்னால் பாடிப் போட்டது. அந்தக் குழுவில் சேர அப்பாவும் போனாராம். குரலைக் கேட்டுவிட்டு நாற்காலி எடுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியும் அவருக்கு அந்தக் கேசட் மேல் கோபமில்லை. அதில் கடைசிப் பாட்டுதான் மேய்ப்பன் பாட்டு. தேவதூதர்கள் வந்து சேதி சொன்னதும் எல்லா மேய்ப்பர்களும் பெத்லகேமுக்கு ஓடுகிறார்கள். ஒருத்தன் மட்டும் போகவில்லை. அவனுடைய ஆட்டுக்குட்டி ஒன்றைக் காணோம். தேடுகிறான். சரணம் சரணமாகத் தேடுகிறான். கடைசியில் போய்ச் சேர்ந்தானா, குழந்தையைப் பார்த்தானா என்பது ஆறாவது சரணத்தில் வருகிறது. அதை அப்பா கல்யாணத்துக்கு முன்னால் கேட்டதோடு சரி.

"அப்ப உனக்குத் தெரியுமில்லப்பா?"

"மறந்துபோச்சு பாப்பா."

"எப்படி மறக்கும்?"

"கல்யாணமானா பல விஷயம் மறந்துடும்."

ஒவ்வொரு டிசம்பரிலும் நடப்பதைச் சொல்கிறேன். அப்பா பாட்டைப் போடுவார், கண்ணை மூடுவார். முதல் சரணம் முடியும். இரண்டாவதில் மிக்ஸி ஓடும். சட்னி அரைத்தாக வேண்டுமே என்று பொறுத்துக்கொள்வார். நாலாவது சரணத்தில் அம்மாவின் குரல் வரும்.

"என்னங்க."

"ம்."

"கேஸ் தீந்துபோச்சு."

"அவன் ஆட்டுக்குட்டியைத் தேடிக்கினு இருக்கான் கலை."

"தேடட்டும். நீங்க ஜல்தியா சிலிண்டரை மாத்திட்டு வந்துடுங்க. அவன் எங்கயும் போயிட மாட்டான்."

என் அம்மா பெயர் கலைமதி. சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குத் தலைவி. எங்கள் வீட்டுக்கும் அவள்தான் தலைவி. இங்கே தேர்தல் நடப்பதில்லை.

அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாப்பா, இந்த கேசட்டை பென் டிரைவ்ல ஏத்திக் குடு. வேன்ல போட்டு நிம்மதியா கேக்கறேன். செஞ்சா உன்னை டிரைவிங் ஸ்கூல்ல சேக்கச் சொல்லி உங்கம்மாகிட்ட நானே பேசறேன்."

அவர் பேசி அம்மா கேட்டதாகச் சரித்திரம் கிடையாது. ஆனால் எனக்கும் வேறு ஆள் கிடையாது. தோழி வீட்டில் டேப் ரெக்கார்டரை லேப்டாப்போடு இணைத்துக் கேசட்டை ஓடவிட்டு ஏற்றினேன். உட்கார்ந்து கேட்கவில்லை, சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பாட்டெல்லாம் ஏறியிருந்தது, டேப் ரெக்கார்டர் கேசட்டை மென்று துப்பியிருந்தது. நாடா சேமியா மாதிரி கிடந்தது. இனிமேல் அந்தப் பாட்டு உலகத்தில் பென் டிரைவில் மட்டும்தான் இருக்கிறது என்றேன். அப்பா அதை மூன்றாக மடித்த கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அரைப் பரீட்சை லீவு விட்டார்கள். மறுநாள் காலையில் அப்பா தலை வாரிக்கொண்டே சாதாரணமாகச் சொல்வதுபோல் சொன்னார்.

"கலை, வேனுக்கு எஃப்.சி. காட்டணும். விழுப்புரம் போயிட்டு வர்றேன். பாப்பாவும் வர்றா."

நான் தலையில் கை வைத்தேன். ஸ்கூல் வேனுக்கெல்லாம் மே மாதமே, ஸ்கூல் திறப்பதற்கு முன்னால் வரிசையாக நிற்கவைத்து, வண்டி ஓடத் தகுதியா என்று சோதனை போட்டு எஃப்.சி. கொடுத்துவிடுவார்கள். அது எங்கள் தெரு நாய்க்கும் தெரியும். பொய் சொல்லத் தெரியாதவர்கள் ஏன் சொல்ல வருகிறார்கள்?

"டிசம்பர்லயா எஃப்.சி.?" என்றாள் அம்மா.

"புது ரூலு."

"ஓகோ. நேரமாகுமா?"

"க்யூ பெருசா இருக்கும். போன் பண்ணா எடுக்க முடியாது. உள்ள சைலன்ட்ல போடச் சொல்லுவாங்க."

"சரிங்க. பொறுமையா பாத்துட்டு வாங்க."

இந்தச் "சரிங்க" எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா கத்தினால் பயமில்லை. சரி என்றால்தான் பயம். இதை அப்பாவிடம் சொன்னேன். "நீ ரொம்ப பேஜாரு பண்றே பாப்பா" என்று வண்டியை எடுத்தார்.

கூட்டேரிப்பட்டு தாண்டவில்லை. மயிலம் ரோடு பிரியும் இடத்தில் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கினோம். கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு புளியமரத்தடியில் வேனை நிறுத்தினார். கண்ணாடியெல்லாம் ஏற்றினார். இரண்டு போனையும் சைலன்ட்டில் போட்டார். பென் டிரைவைக் கைக்குட்டையிலிருந்து எடுத்துச் சொருகினார். ஆபரேஷன் தியேட்டருக்குள் டாக்டர் செய்வதுபோல் செய்தார்.

"நேரா மேய்ப்பன் பாட்டுக்குப் போலாம்ப்பா."

"சேச்சே. மொதல்லேர்ந்துதான் கேக்கணும். அதான் மரியாதை."

எனக்கு மரியாதையெல்லாம் வராது. முதல் நான்கு பாட்டு முடிவதற்குள் மல்லாட்டையில் பாதி தின்றுவிட்டேன். கடைசியாக மேய்ப்பன் வந்தான். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பாட்டு நன்றாக இருந்தது. ஆர்மோனியம் மட்டும் மெதுவாகப் போகிறது. ஆண்கள் கீழே பாடுகிறார்கள், மேலே ஒரே ஒரு பெண்குரல், அழாமல் அழுகிற மாதிரி. எல்லாரும் ஓடிவிட்டார்கள். இவன் தனியாகக் குட்டியைத் தேடுகிறான். எனக்கு அவன்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"விட்டுட்டுப் போய்த் தொலையேன்யா. ஊரே போயிடுச்சு" என்றேன்.

"உஷ்" என்றார் அப்பா. கண் மூடியிருந்தது. முகத்தில் அப்படி ஒரு அமைதி. டீசல் விலை தெரியாதவர் மாதிரி இருந்தார்.

நாலாவது சரணத்தில் குட்டி முள்ளில் மாட்டிக்கொண்டு கிடைத்தது. ஐந்தாவதில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான். நட்சத்திரம் மறைந்துவிட்டது. தொழுவத்தின் கதவு சாத்தியிருக்கிறது. கையை ஓங்குகிறான்.

டொக் டொக் என்று சத்தம் கேட்டது.

"பாத்தியா பாப்பா" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல். "அந்தக் காலத்துலயே கதவு தட்டற சத்தத்தையும் சேத்திருக்கான். எப்பேர்ப்பட்ட ரிக்கார்டிங்."

மறுபடியும் டொக் டொக். இந்தத் தடவை கண்ணாடியே ஆடியது.

நான் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே அம்மா. அம்மாவுக்குப் பின்னால் பெண்கள் ஐக்கிய சங்கம். கையில் கட்டைப்பையோடு மொத்த சங்கமும் நின்றது.

அப்பா பாட்டை நிறுத்தினார். பழக்கம். அம்மாவைப் பார்த்தால் கை தானாக அங்கே போய்விடும். கண்ணாடியை இறக்கினார்.

"எஃப்.சி. முடிஞ்சுதாங்க?"

"இன்னும் இல்ல. க்யூவுல நிக்கறோம்."

அம்மா நிதானமாகச் சுற்றிப் பார்த்தாள். "முன்னாடி ஒரு மரம். பின்னாடி ஒரு மாடு. பெரிய க்யூதான்."

"நீ எப்படி இங்க..."

அம்மா போனைத் திருப்பிக் காட்டினாள். திரையில் கூட்டேரிப்பட்டு. அதற்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு குட்டி வேன். வேனில் ஜி.பி.எஸ். இருக்கிறது. வேன் எங்கே வருகிறது என்று பெற்றோர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அப்பா வண்டி ஓட்டும்போது போன் எடுக்க முடியாது என்று அம்மாதான் பதில் சொல்வாள். அதற்காக அந்த ஆப்பை அவள் போனில் ஏற்றிக் கொடுத்தது நான். எப்படிப் பார்ப்பது என்று மூன்று நாள் கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்ததும் நான். ஸ்கூல் வேனை ஒளித்துவைக்கக் கிளம்பிய இரண்டு அறிவாளிகளில் ஒருத்தியும் நான்.

"சங்கத்துக்குப் புடவை எடுக்க விழுப்புரம் போணும்" என்றாள் அம்மா. "இதுவரைக்கும் லேடீஸ் ஃப்ரீ பஸ்ல வந்துட்டோம். இனிமே எங்க வீட்டுக்காரர் வேன்ல போயிடலாம்னேன். நீங்க எப்படியும் அங்கதானே போறீங்க?"

அப்பா கதவைத் திறந்தார். சங்கம் ஏறியது. வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"அண்ணே, சீட்டு என்னா இவ்ளோ சின்னதா இருக்குது?" என்றார் ரோஜா அக்கா. எங்கள் சர்ச்சில் பாட்டு அவர் பொறுப்பு.

"எல்.கே.ஜி. பசங்க சீட்டும்மா."

"நாங்க என்னா எல்.கே.ஜி.யா?"

அப்பா வண்டியை எடுத்தார். ஐந்தாவது சரணம் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் மெல்லப் போட்டார். ஒரு வரி போயிருக்காது.

"அண்ணே, அந்த டேப்பை நிறுத்துங்க. கேரல் ரவுண்ட்ஸ்க்கு நாங்க பாடிப் பாக்கணும். அது பாடினா எங்களுக்கு சுருதி சேரல."

அது நிறுத்தப்பட்டது. இவர்கள் தொடங்கினார்கள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வசூல் பண்ணுகிறவன் எட்டிப் பார்த்து, நடுங்கிப்போய்க் கம்பியைத் தூக்கினான். சுருதி சேராதது எதனால் என்று ஓட்டுகிறவருக்குத் தெரியும். சொல்லவில்லை. தேவையில்லாமல் ஹாரனை அடித்தார். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை. மனுஷன் கேட்டது ஒரு சரணம்.

விழுப்புரத்தில் புடவைக்கடை வாசலில் அப்பா பைகளைச் சுமந்துகொண்டு முன்னால் போனார். நான் அம்மாவை மடக்கினேன்.

"உனக்குக் கொஞ்சமாவது மனசு இருக்குதா? அந்தப் பாட்டு முடிய ரெண்டு நிமிஷம்கூட ஆயிருக்காது."

"நான் எத்தனை தடவை போன் பண்ணேன் தெரியுமா? ரெண்டு பேரும் எடுக்கல. பாட்டு கேக்கணும்னா வீட்ல சொல்லிட்டுக் கேக்க வேண்டியதுதானே. எஃப்.சி.யாம், புது ரூலாம்."

"வீட்ல நீ கேக்க விடுவியா?"

அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "ஜெமி, திங்கக்கிழமை டிரைவிங் ஸ்கூல்ல சேந்துக்கறியா?"

"நர்ஸிங்?"

"நீ உங்கப்பா பொண்ணு. ஊசி போடச் சொன்னா வேற ஆளுக்குப் போடுவே. வண்டியே ஓட்டு. ஆனா எனக்கு ஒரு வேலை செஞ்சு தரணும்."

செய்தேன். ஒளிக்க ஒன்றுமில்லை. இரண்டு நிமிஷம் முன்னால் அப்பாவுக்காக அழுதவள்தான், ஒரு ஸ்டியரிங்குக்கு விலை போனேன். அப்பா பைகளை அடுக்குவதற்குள் பென் டிரைவோடு பக்கத்து செல்போன் கடைக்கு ஓடி அந்த வேலையைச் செய்ததில் ஆறாவது சரணத்தையும் கேட்டுவிட்டேன். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அந்த மேய்ப்பன் போய்ச் சேர்ந்தான். குழந்தை முழித்துக்கொண்டுதான் இருந்தது. அப்பாவிடம் சொன்னால் திங்கட்கிழமை கிடையாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அதனால் நீங்களும் சொல்லாதீர்கள்.

வேலை முடிந்ததும் பென் டிரைவை ரோஜா அக்கா வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "சர்ச்ல போடறதுக்கு வேணும்ணே. பொங்கல் கழிச்சுக் குடுத்துடறேன்." அப்பா வாயைத் திறந்தார். அம்மா இருந்தாள். மூடிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் அப்பா ஸ்டூல் மேல் ஏறி வாசலில் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தார். டி.வி. மேல் இருந்த அவர் போன் அடித்தது. அடிக்கவில்லை, பாடியது. ஆர்மோனியம் இல்லை, ஆண்குரல் இல்லை. அந்தப் பெண்குரல் மட்டும். அப்பா ஸ்டூலிலிருந்து குதித்தார்.

"பாப்பா. இது..."

"ஆறாவது சரணம்ப்பா. உன் போன்ல ரிங்டோனா வச்சிருக்கு. அம்மா கூப்ட்டா மட்டும்தான் இது பாடும்."

போனில் அவருக்குப் பச்சை பட்டன் ஒன்றுதான் தெரியும். நிமிர்ந்து பார்த்தார். சமையலறை வாசலில் அம்மா நின்றாள். காதில் போன்.

"முழுசா கேக்கணும்னு ஆசைப்பட்டீங்களே" என்றாள். "எடுக்காம இருந்தா முழுசா பாடும். கேளுங்க. யாரு வேணாம்னது?"

கதவு மெல்லத் திறக்கிறது என்று பாடுகிறது பெண்குரல். மேய்ப்பன் குனிகிறான். அப்பா போனைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடியும் போனைப் பார்த்தார். "எடுக்காதப்பா" என்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். இன்னும் இரண்டே வரி. விரல் பச்சைக்குப் போய்விட்டது.

"சொல்லு கலை."

"ஒண்ணுமில்லைங்க. எடுக்கறீங்களான்னு பாத்தேன்."