வெயிட்டிங் லிஸ்ட்டும் இலந்தைப்பழமும்

ஊருக்குக் கிளம்புவதையே முழுநேரத் தொழிலாகச் செய்துகொண்டு, ஒருமுறைகூட ரயிலேறாத மனிதனைப் பார்த்திருக்கிறீர்களா? நான் அவனோடு ஒரே அறையில் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். கொல்கத்தாவில், சால்ட் லேக் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரி ஹாஸ்டலில், முதல் வருஷம். ஆள் திண்டுக்கல்காரன். பெற்றவர்கள் வைத்த பெயர் அவர்களுக்கே மறந்திருக்கும். எங்களுக்கு அவன் வெயிட்டிங் லிஸ்ட்.

வந்த அன்றைக்கே மெஸ்ஸில் பிரியாணி போட்டார்கள். தட்டைக் கிளறியவன் முழு உருளைக்கிழங்கு ஒன்றை வெளியே எடுத்து, செத்த எலியைப் பிடித்தவன்போல் தூக்கிக் காட்டினான்.

“பிரியாணிக்குள்ள உருளைக்கெழங்கு போடுற ஊர்ல என்னத்தடா இன்ஜினியரிங் படிக்கிறது? நான் கெளம்புறேன்.”

கிழங்கு உட்பட எல்லாவற்றையும் தின்று முடித்து, போனில் ஹவுராவிலிருந்து சென்னைக்கு டிக்கெட் போட்டான். வெயிட்டிங் லிஸ்ட். கடைசிவரை இடம் கிடைக்கவில்லை. அதோடு விட்டானா? கடுகெண்ணெய் வாசனைக்கு ஒரு டிக்கெட். கொசுவலைக்குள் புகுந்த கொசுவுக்கு ஒரு டிக்கெட். வொர்க்‌ஷாப்பில் இரும்புத் துண்டின் கோணலைச் சரிசெய்ய அரம் போட்டு அரம் போட்டு, கடைசியில் துண்டே கரைந்துபோனதற்கு ஒரு டிக்கெட். அதுவும் ஊரே வெளியூர் கிளம்பும் துர்கா பூஜை, தீபாவளி வாரங்களாகப் பார்த்துப் போடுவான். கிடைக்கக் கூடாது என்றுதான் போடுகிறானோ என்று எனக்குச் சந்தேகம். ஆனால் கேட்கவில்லை. கேட்டு, ரோஷத்தில் நிஜமாகவே போய்விட்டால்? அந்த மாடியில் தமிழ் பேச எனக்கு அவனை விட்டால் நாதியில்லை. அவன் போனை எடுத்தாலே நான் திரையை எட்டிப் பார்ப்பேன்.

ஜனவரியில் செமஸ்டர் பரீட்சை. டிராயிங் பரீட்சைக்கு முந்தின நாள் ஹாஸ்டல் கேட்டுக்கு வெளியே இலந்தைப்பழம் விற்றது. உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி ஒரு பொட்டலம் வாங்கி வந்து, எனக்கும் பாதி கொடுத்தான். அதைப் பார்த்த பக்கத்து அறை வங்காளிப் பையன் சுபோவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வங்காளத்தில் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் வரும் சரஸ்வதி பூஜை கழியும்வரை படிக்கிற பிள்ளைகள் இலந்தைப்பழத்தைத் தொடமாட்டார்களாம். தின்றவன் பரீட்சையில் தேறமாட்டானாம். பூஜைக்கு இன்னும் நாளிருக்கிறதே என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

வெயிட்டிங் லிஸ்ட் கொட்டையைத் துப்பிவிட்டு என் பக்கம் திரும்பினான். “நம்ம சரஸ்வதி பூஜை அக்டோபர்லயே முடிஞ்சுபோச்சுன்னு அவன்கிட்ட சொல்லுடா. சுண்டலும் தின்னாச்சு.”

எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். சரஸ்வதி ஒருத்திதானே என்று சுபோ திருப்பிக் கேட்டான். நாங்கள் பொட்டலத்தைக் காலி செய்தோம்.

வீரமெல்லாம் வாயோடு சரி. அந்த ஊர்ப் பூஜையன்று, அவர்கள் வழக்கப்படி யாரிடமோ மஞ்சள் குர்தா இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, கை நிறையப் பூவோடு முதல் வரிசையில் நின்றவன் இவன்தான். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டதற்கு, உன் வேலையைப் பார் என்றான்.

ஹோலி விடுமுறைக்கு முன்னால் ரிசல்ட் வந்தது. அவன் எல்லாவற்றிலும் பாஸ். எனக்கு டிராயிங் புட்டுக்கொண்டது. விடுமுறை முடிந்த கையோடு மறுபரீட்சை என்பதால், எல்லோரும் வீட்டுக்குப் போக நான் மட்டும் காலி ஹாஸ்டலில் உட்கார்ந்து படிக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்துத்தான், சரித்திரத்தில் முதல்முறையாக, அவன் டிக்கெட் கன்ஃபார்ம் ஆனது. அதுவும் கீழ் பெர்த். போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். ரொம்ப சந்தோஷம் என்றேன். பொய். இவன் இப்போது போனால் திரும்பி வரமாட்டான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

விடுமுறையின் முதல் நாள், ரயில் புறப்படும் நேரம் தாண்டும்வரை வேண்டுமென்றே இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். கண்ணைத் திறந்தால், அவன் என் டிராயிங் போர்டில் புது ஷீட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறான். ரயில் என்னாயிற்று என்று கேட்டேன்.

“கேன்சல் பண்ணிட்டேன். அந்தப் பழத்த ஒனக்குக் குடுத்தது நான்தானடா. எந்திரி, பல்ல வெளக்கு.”

போய் விளக்கினேன். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கொஞ்சம் அழவும் செய்தேன். வந்து அத்தனை மாதமாகியும், அன்றைக்குத்தான் எனக்கு அந்த ஊர் பிடித்தது.