சூளைக்கு ஒரு காது

சூளைக் கண்காணிப்பு அறைக்குள் கேவன் நுழையும்போதே ஸ்பீக்கர் 'டிக், டிக்' என்றது.

மரம் உலர்த்தும் சூளையில் யூகலிப்டஸ் பலகைகள் காய்ந்துகொண்டிருந்தன. காயும் மரத்துக்குள் இறுக்கம் ஏறினால் நார்கள் வெடிக்கும். அதை ஒட்டுக்கேட்க மில்லில் ஒரு கருவி உண்டு. எல்லோருக்கும் அது 'காது'. காலையில்தான் கேலீனிடம் ஒரு பலகையில் அதை ஒட்டச் சொல்லியிருந்தான். ஹோபார்ட்டில் ஒரு பள்ளிக்கூட அரங்கின் தரைக்குப் போகும் பலகைகள் இவை. போன லோடு பிளந்தபோதே, "இன்னொண்ணு பாழாச்சுன்னா நீ மரத்தூள் கூட்டு" என்று முதலாளி மெர்ல் சொல்லிவிட்டாள்.

"டட்லி, சூட்டைக் குறை! மரம் கதறுது!"

"பாய்லரையே அணைச்சிடறேன்" என்று பாய்லர் பார்க்கும் டட்லி சந்தோஷமாக டீ குடிக்கக் கிளம்பினான்.

டிக், டிக், டக்.

ரம்பத்தின் அதிர்வாக இருக்குமோ? ரம்பங்களை நிறுத்தினான். ஆறு பேர் கையைத் துடைத்துக்கொண்டு டட்லியின் பின்னால் போனார்கள்.

ஸ்பீக்கரில் சோளம் பொரிந்தது.

வியர்த்துப்போய் சூளையைத் திறந்தான். வாசலோரப் பலகை ஒன்றில் துண்டு அறுத்து, நடுவை நீக்கி, இரண்டு பல்லுள்ள முள்கரண்டிபோல ஆக்கினான். இறுக்கம் இருந்தால் பற்கள் ஒன்றையொன்று நோக்கி வளையும். இவை பரேடு சிப்பாய்கள்போல நின்றன.

மெர்ல் ஓடிவந்தாள். "என்னய்யா, மில்லே செத்துக் கிடக்கு?"

"பலகை வெடிக்குது மெர்ல்."

"ஒரு கீறலைக் காணோம். பல்லும் நேராத்தானே நிக்குது?"

"நடிக்குதுங்க! உள்ளுக்குள்ள நொறுங்குது. இதைக் கேளுங்க!"

ஸ்பீக்கரில் 'டமார்!'

மெர்லின் முகம் வெளுத்தது. தலைமையாசிரியரை போனில் கூப்பிட்டாள். "மன்னிச்சுக்குங்க சார். உங்க தரை போயிடுச்சு."

"போயிடுச்சா? எங்கே?"

கேவன் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து நின்றான்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கேலீன் டீக் கோப்பையோடு எட்டிப்பார்த்தாள். "என்ன, இழவு வீடு மாதிரி நிக்கறீங்க? அங்க டீ ரூம்ல சீட்டுக் கச்சேரி தூள் பறக்குது. ஜெயிச்சா டட்லி மேஜையையே உடைச்சிடுவான்போல."

"சீட்டு இப்ப முக்கியமா? வெடிச்ச பலகையை இழுத்து வெளியே போடணும். காதை எதுல ஒட்டினே, சொல்லு!"

"பலகை ஒரே ஈரம் கேவன், பசையே பிடிக்கல. டீ ரூம் மேஜைக்கு அடியில ஒட்டிட்டேன். அதுவும் மரந்தானே?"