பச்சையண்ணன் மாட்டிய தோடு

கோயம்புத்தூர் ஜில்லாவில் வெறும் சுவருக்குப் பச்சையண்ணனைப் போல ஒரு எதிரி பிறந்ததே இல்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் புதிதாகக் காம்பவுண்டு கட்டியவர்கள், பூச்சு காய்வதற்குள் அதன் முன்னால் லாரியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். என்ன பிரயோஜனம்? லாரி லோடுக்குக் கிளம்பியதும் இவர் ஆரம்பித்துவிடுவார்.

மோட்டார் பம்ப்புக் கம்பெனியில் பெயின்ட் அடிக்கிற வேலை. மிச்சமாகிற பச்சைப் பெயின்ட்டை முதலாளியிடம் கேட்டு வாங்கி வருவார். அதனால் அவர் சுவரில் வரைந்த ஜனங்கள் அத்தனை பேரும் பச்சை. ரேஷன் கடைக்காரர் பச்சை, கவுன்சிலர் பச்சை, கவுன்சிலரின் மாமியாரும் பச்சை. பத்திரிகைகளில் இந்தக் கலைக்கு கிராஃபிட்டி என்று பெயர். எங்கள் தெருவில் ‘செவுத்தக் கெடுக்கறது’.

மற்ற ஊர்களில் திருட்டுத்தனமாக வரைந்துவிட்டு ஓடிவிடுவார்களாம். இவர் பட்டப்பகலில் வரைந்து முடித்து, கேட்டைத் தட்டி வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்.

“ஏனுங்க, உங்க செவுத்துல உங்களையே வரைஞ்சுபோட்டேனுங்க. வந்து பாத்துப்போட்டுத் திட்டுங்க.”

வந்தவர் திட்ட மறந்துவிடுவார். “என்ற மூக்கு இத்தன பெருசாவா இருக்குது?”

“கொறச்சுப்போடலாமுங்க.”

குறைப்பார். அந்த வழியாக சைக்கிளில் போகிறவர் இறங்கி, “அவருக்கு மூக்கு பெருசுதானுங்களே” என்பார். மறுபடி மூக்கு வளரும். யார் என்ன கேட்டாலும் ‘முடியாது’ என்று சொல்ல அவருக்கு வாய் வராது. பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“உங்களுக்குன்னு ஒரு புத்தி கெடையாதுங்களாண்ணா?”

“இருக்குதுங்க தம்பி. ஆனா மூக்கு அவங்களுதுங்களே” என்றார்.

கோவையில் ஓவியக் கண்காட்சி நடத்துகிற ஒரு அம்மா, மேட்டுப்பாளையம் போகிற வழியில் இந்தச் சுவர்களைப் பார்த்துவிட்டுக் காரை நிறுத்தினார். கேன்வாஸும் கலர் கலராகப் பெயின்ட்டும் வாங்கிக் கொடுத்தார். பச்சையண்ணனுக்கு அப்போது ஓயாத இருமல். பெயின்ட் புகை நெஞ்சில் இறங்கிவிட்டது, கம்பெனி வேலையை விடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். படம் விற்றால்தான் விடமுடியும். டீக்கடை சரசக்காவை வரைந்தார். அக்கா பாலை ஆற்றிக்கொண்டே யாரையோ முறைக்கிற படம். அந்த முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அச்சு அசல்.

கண்காட்சி திறந்த அன்றே ஒரு மில் முதலாளி அந்தப் படத்தைப் பேசி முடித்துவிட்டார். ஓரத்தில் ‘விற்றது’ என்று ஸ்டிக்கரும் ஒட்டியாயிற்று. இனிமேல் பம்ப்புக் கம்பெனிக்குக் கும்பிடு என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போது, கடையைச் சாத்திவிட்டுப் பட்டுப் புடவையில் வந்து சேர்ந்தார் சரசக்கா. படத்தைப் பார்த்தார்.

“அடப்பாவி! காதுல தோடில்லாம இத்தன சனத்துக்கு முன்னால நிக்க வெச்சுப்போட்டியே கண்ணு!”

நான் கையைப் பிடிப்பதற்குள் பச்சையண்ணன் பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்துவிட்டார். இரண்டு காதிலும் மஞ்சளாகத் தோடு ஏறிவிட்டது. கண்காட்சி அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

மில் முதலாளி பொறுமையாகத்தான் சொன்னார். “நான் வாங்குனதுல தோடு இல்லீங்களே. அழிச்சுக் குடுத்துப்போடுங்க.”

“முடியாதுங்க” என்றார் பச்சையண்ணன். ஜென்மத்தில் முதல் தடவையாக! “அக்கா போட்டுக்கிட்டாங்க. ஒரு பொம்பள காதுல கெடக்கறத எப்புடீங்க நாம கழட்டறது?”

போச்சு. ஸ்டிக்கரைக் கிழித்தார்கள். படம் சரசக்காவோடு டவுன் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பியது. மறுநாள் காலை பச்சையண்ணன் இருமிக்கொண்டே கம்பெனிக்குப் போனார். நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அப்புறம் வரைந்த படங்கள் விற்றன, கம்பெனியையும் விட்டார். சென்னை, டில்லி என்று படங்கள் போயின, ஆள் மட்டும் எங்கள் தெருவைவிட்டு நகரவில்லை. போன ஆடியில் போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் அந்த மில் முதலாளி டீக்கடைக்கே வந்துவிட்டார். “தோடு இருந்துட்டுப் போகட்டுமுங்க. படத்தக் குடுங்கம்மா. என்ன வேணுமோ கேளுங்க.”

சரசக்கா பாலை ஆற்றுவதை நிறுத்தவில்லை. “அவன் இருந்திருந்தா இதைக் குடுத்துப்போட்டு, இன்னொண்ணு வரைஞ்சு குடுடா கண்ணுன்னு கேட்டிருப்பேனுங்க. இப்ப நான் ஆருகிட்டப் போயிக் கேக்கறது?”

மில் முதலாளி டீயை வாங்கிக்கொண்டார். எனக்குப் பச்சையண்ணனை இன்னும் ஒரே ஒருதரம் பக்கத்தில் உட்காரவைத்து, வாய் வலிக்கத் திட்ட வேண்டும்போல இருந்தது.