திறந்து வைக்கப்படாத குழாய்

அந்தப் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறை மிகவும் முன்னேறிய துறை. பத்தாண்டுகளில் இரண்டு முறை பெயர் மாற்றிக்கொண்டதே அதற்குச் சான்று. முதலில் இதழியல் துறை, பிறகு மக்கள் தொடர்பியல் துறை, இப்போது ‘ஊடகத் தொடர்பாடல், மின்னணு உள்ளடக்கம் மற்றும் தாக்கவியல் துறை’. பெயர்ப்பலகை நீண்டுகொண்டே போனது. ஒழுகும் கூரையும், மைக் வேலை செய்யாத வானொலி அறையும், பேட்டரி இல்லாத ஒற்றைக் கேமராவும் பழைய பெயரில் இருந்தபடியே இருந்தன.

இறுதியாண்டு மாணவி அலாடிக்குப் பலகையைப் பற்றிக் கவலையில்லை. துறை நடத்தும் ‘சாட்சி’ வாரத்தாளில் அவள் பெயரோடு ஒரு செய்தி வரவேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் பட்டம் கிடையாது, இன்னொரு வருஷம் இருந்து படிக்க வேண்டும். வந்த செய்தி ‘தாக்கம்’ வேறு உண்டாக்க வேண்டுமாம். துறையின் புதுப் பெயருக்காகப் போட்ட புது விதி அது.

செய்திக்காக அவள் அலையவே இல்லை. பெண்கள் விடுதியின் ஜன்னலைத் திறந்தால் எதிரே நின்றது. நான்கு மாதத்துக்கு முன்னால் தோண்டி முடித்த ஆழ்துளைக் கிணறு. மேலே நிரம்பிய தொட்டி, கீழே ஆறு குழாய்கள், சுற்றிலும் கம்பி வேலி, வேலிக்கதவில் ஒரு பெரிய பூட்டு. இந்தப் பக்கம் முந்நூற்றுச் சொச்சம் பெண்கள், வாரம் இரண்டு முறை வரும் தண்ணீர் லாரிக்காக வாளியோடு காத்துக் கிடந்தார்கள். பாலைவனப் புழுதியை அள்ளிவரும் ஹர்மட்டான் காற்று அடிக்கிற மாதம். முகத்தில் அப்பிய புழுதியை யாரும் கழுவுவதாக இல்லை, தட்டிவிட்டுக்கொண்டார்கள்.

இதை அப்படியே எழுதி, ‘சாட்சி’யைக் கவனிக்கும் துறை ஆசிரியர் டாக்டர் ஓனோஜாவிடம் நீட்டினாள்.

“நல்லாத்தான் எழுதியிருக்கே. மறுதரப்பு எங்கே?”

“பூட்டுதான் சார் மறுதரப்பு. கேட்டுப் பார்த்தேன், வாயைத் திறக்க மாட்டேங்குது.”

“உன் வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல. அதிகாரி சொன்னதா ஒரு வரி வேணும். போய் வாங்கிட்டு வா.”

மக்கள் தொடர்பு அலுவலர் டெர்சூவின் அறைக்குப் போனாள். அவர் அவளை உட்காரச் சொன்னார். கேள்வியையும் பொறுமையாகக் கேட்டார்.

“எந்தக் குழாய்மா?”

“விடுதிக்கு எதிரே இருக்கிற குழாய் சார்.”

“அங்கே குழாய் எதுவும் இல்லையே.”

அலாடி எழுந்து ஜன்னல் திரையை விலக்கினாள். “அதோ தெரியுதே சார்!”

“தெரியும்மா, தெரியும். தெரியறதெல்லாம் இருக்குன்னு ஆயிடுமா? துணைவேந்தர் கையால திறந்து வைக்காத வரைக்கும், பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை அது இல்ல. இல்லாத குழாய்ல ஏன் தண்ணி வரலைன்னு நான் எப்படிப் பதில் சொல்றது?”

“எப்ப திறப்பீங்க?”

“பத்திரிகைக்காரங்க வரணும். யாரும் எழுதாம ஒரு திறப்பு விழாவா? உங்க ‘சாட்சி’ வந்தாக்கூடப் போதும்.”

“நீங்க திறந்தாத்தானே நாங்க எழுத முடியும்?”

“நீங்க எழுதறதா இருந்தாத்தான் நாங்க திறக்க முடியும். இதுல உனக்கு என்ன குழப்பம்?”

அலாடி அங்கேயே உட்கார்ந்து, தன் வகுப்பு மாணவர்கள் நாற்பது பேரும் மேற்படி விழாவுக்குப் பெருந்திரளாக வந்து செய்தி சேகரிப்பார்கள் என்று உறுதிமொழிக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். டெர்சூவுக்கு முகமெல்லாம் பல். வியாழக்கிழமையே விழா என்றார்.

வியாழன் காலை வேலிக்குப் பக்கத்தில் பந்தல் எழுந்தது. குழாய்களுக்குச் சிவப்பு நாடா கட்டினார்கள். படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்பதால் விழா எல்லைக்குள் வாளி, குடம், கேன் ஆகியவை தடை செய்யப்பட்டன. அலாடியின் அறைத்தோழி தோஷிமா துணிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த வாளியைக் காவலர் இத்ரிசு பிடுங்கி ஓரமாக வைத்தார்.

அவையோரை விளிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. பேராசிரியர், பொறியாளர், தலைவர், தலைவரின் மனைவி என்று வரிசை நீண்டது. கடைசியில், விட்டுப்போனவர்கள் தங்களையும் விளித்ததாகவே கருதிக்கொள்ளுமாறு வேண்டப்பட்டார்கள். அடுத்துப் பேச வந்தவர் எதையும் கருதாமல் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

உச்சி வெயிலில் நாடா வெட்டப்பட்டது. ஆறு குழாய்களிலும் தண்ணீர் கொட்டியது. நாற்பது கைபேசிகள் உயர்ந்தன. விடுதிப் பெண்களும் சும்மா இருக்கவில்லை. குழாயைப் பின்னால் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, ஆளுக்கொரு படம் எடுத்து அப்போதே ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். குடிக்க வேண்டும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. ஐந்து நிமிடத்தில் துணைவேந்தர் விருந்துக்குக் கிளம்பினார். இத்ரிசு குழாய்களை அடைத்து, பழைய பூட்டையே மாட்டினார்.

“பாபா, இப்பத்தானே திறந்தாங்க!” என்று அலாடி இத்ரிசிடம் ஓடினாள்.

“திறந்தாங்க மகளே, யாரு இல்லேன்னா? இன்னும் விடுதிகிட்ட ஒப்படைக்கலையே. ஒப்படைப்பு விழா தனி.”

அவள் செய்தியின் கடைசி வரியாக, ‘விழா முடிந்ததும் குழாய் மீண்டும் பூட்டப்பட்டது’ என்று எழுதினாள். ஓனோஜா அந்த வரியில் விரலை வைத்தார்.

“இதுக்கு மறுதரப்பு?”

“நாற்பது பேர் பார்த்தோம் சார்!”

“ஒப்படைக்காத குழாயைப் பத்தி எந்த அதிகாரியும் பேச மாட்டார். அவசரமில்ல, அடுத்த வருஷம் முழுசா எழுது. பட்டத்தையும் அடுத்த வருஷமே வாங்கிக்கலாம்.”

மனசு உறுத்தியது. வெள்ளிக்கிழமை அதைவிடப் பலமாக உறுத்தியது. அலாடி பேனாவை வாங்கித் தன் கையாலேயே அந்த வரியை அடித்தாள்.

செய்தி வெள்ளியன்று இரண்டாம் பக்கத்தில் வந்தது. முந்நூறு சொற்கள், அதில் இருநூற்று நாற்பது பட்டங்களும் பதவிகளும். தலைப்பு: ‘விடுதியில் பாய்ந்தது தண்ணீர்’.

திங்களன்று சுற்றறிக்கை வந்தது. ‘மேற்படி விடுதியில் தண்ணீர் தாராளமாகப் பாய்வதை “சாட்சி” இதழ் ஐயத்துக்கு இடமின்றி நிறுவியுள்ளமையாலும், விடுதி மாணவியரே வெளியிட்ட படங்கள் அதை உறுதி செய்வதாலும், தண்ணீர் லாரி இன்று முதல் நிறுத்தப்படுகிறது.’

ஓனோஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. துறையின் வரலாற்றில் ஒரு செய்தியைப் படித்துவிட்டு நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுத்தது இதுவே முதல் தடவை. தாக்கத்துக்கு நூற்றுக்கு நூறு போட்டார். சுற்றறிக்கையைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டச் சொன்னார்.

மதியம் அலாடி அறைக்கு வந்தபோது, தோஷிமா கிண்ணத்தில் காரி என்கிற மரவள்ளிக் கிழங்குப் பொடியைக் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதை ஊறவைக்கத் தண்ணீர் வேண்டுமே.

“கொஞ்சம் தண்ணி இருக்காடி?” என்றாள் அலாடி.

“இல்லாம என்ன? இரண்டாம் பக்கத்துல பாயுதே. நீ எழுதினதுதானே? புழிஞ்சு ஊத்திக்கோ.”

அலாடி பையிலிருந்து சுற்றறிக்கையை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். ‘ஆதாரம் ஒன்று’ என்று போட்ட படத்தில், கன்னத்தைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள் தோஷிமா. பின்னால் குழாய். அடியில் அவளே எழுதிய வரி: ‘தண்ணி வந்தாச்சு!’

தோஷிமா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு பிடி வறட்டுக் காரியை வாயில் போட்டு, விழுங்க முடியாமல் மென்றபடி கேட்டாள்:

“படம் நல்லாத்தான்டி வந்திருக்கு, இல்ல?”