கன்னிமூலையில் மூன்று சக்கரம்

பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். இந்த வீட்டில் ஆண்பிள்ளை யார் என்பது இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும். வியாழக்கிழமை என் புதுக் கார் வருகிறது. சிவப்பு. குன்னத்துகால் மண்ணில் அப்படியொரு சிவப்பு இதுவரை இறங்கியதில்லை. அது நிற்க வேண்டிய போர்ச்சிலோ, ஜேனட்டின் மூன்று சக்கரப் பேட்டரி வண்டி சார்ஜ் ஏறிக்கொண்டு நிற்கிறது.

ஜேனட் எங்கள் வீட்டின் வலது பாதியில் வாடகைக்கு இருப்பவள். பூவாறு கடற்கரைக்காரி. கால்கள் நடக்க ஒத்துழைக்காது. வண்டியில் ஏறிவிட்டாலோ, பாறசாலைத் துணிக்கடைக்கு பில் போட என் பைக்கை முந்திக்கொண்டு போவாள்.

முதலில் நேரடியாகவே மோதினேன்.

"ஜேனட்டே, வண்டிய கேட்டுக்கு வெளியே மாற்றிடணும், கேட்டியா?"

"மழை நனைஞ்சா பேட்டரி போவும் அண்ணே. பேட்டரி போனா எனக்க வேலையும் போவும்."

"தார்ப்பாய் போட்டு மூடலாமே."

"பிளக்கையும் ரோட்டுக்குக் கொண்டுவருவியளா? அது வண்டியில்ல அண்ணே, எனக்க காலாக்கும். நீங்க காலைக் கழற்றி ரோட்டிலே வச்சிட்டா வீட்டுக்குள்ளே ஏறுகிய? வாடகைக்காரியானாலும் வண்டிக்கு எடம் கேக்க எனக்கு உரிமை உண்டு. சட்டமும் உண்டு. முடியாதுண்ணா சொல்லுங்க, வேறே வீடு பாக்கியேன்."

சட்டம் என்றதும் நான் ஓரடி பின்வாங்கினேன். வேறே வீடு என்றதும் என் மனைவி ஸ்ரீகுமாரி சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"ஆரு வீடு பாக்கியது?"

"ஆருமில்ல" என்றேன்.

சட்டத்தை எதிர்க்க சாஸ்திரம்தான் சரி. ஸ்ரீகுமாரிக்கு வாஸ்து என்றால் உயிர். வாஸ்துவுக்காக அடுப்பையே அடிக்கடி இடம் மாற்றி, என்னைப் பட்டினி போட்டவள். கன்னிமூலை என்று சொன்னால் போதும், கன்னத்தில் போட்டுக்கொள்வாள். நேராகப் போய், வாஸ்து பார்க்கும் தச்சன் சோமன் ஆசாரியைப் பிடித்தேன்.

"எலே சோமா, நீ போர்ச்சிலே நின்னு ஒரு வார்த்தை சொல்லணும். இது கன்னிமூலை, சக்கரம் ஆகாது. அவ்வளவுதான். மாடி கட்டும்போ கதவு சன்னல் வேலை முழுக்க ஒனக்காக்கும்."

புதன்கிழமை காலையில் ஆசாரி வந்தான். டேப்பை நீட்டினான், சுருட்டினான், கண்ணை மூடினான். அபாரமாக நடித்தான்.

"அக்கா, இது கன்னிமூலையாக்கும். இஞ்ச சக்கரம் நிக்கப்பிடாது. குடும்பநாதனுக்கு ஆகாது."

ஸ்ரீகுமாரி போர்ச்சைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு நெஞ்சில் கை வைத்தாள். எனக்குள் செண்டை மேளமே முழங்கியது.

"மூணு சக்கரமா ஆசாரியே?"

"ஆகவே ஆகாது."

"அப்பம் நாலு?"

ஆசாரி என்னைப் பார்த்தான். நான் மோட்டுவளையைப் பார்த்தேன்.

"சொல்லும் ஆசாரியே. மூணே குடும்பநாதனுக்கு ஆகாதுண்ணா நாலு என்ன செய்யும்?"

"நாலு... இன்னும் கொஞ்சம் கூடுதலாக்கும்" என்று முனகினான் அந்தப் பாவி.

"கேட்டியளா? எனக்கு நீங்கதான் பெரிசு, காரில்ல. காரு ரோட்டிலே நிக்கட்டு. ஜேனட்டு வண்டிக்கு வேறே எடம் சொல்லும் ஆசாரியே. மேலே கூரை வேணும், பிளக்கு வேணும், அவளுக்க கதவுக்குப் பக்கமா இருக்கணும்."

அந்த வீட்டில் அப்படி ஓர் இடம்தான் உண்டு. முன்பு கடையாக இருந்த, இரட்டைக் கதவு போட்ட என் ஆபீஸ் ரூம். ஆபீஸ் என்று ஒன்றும் இல்லை. டிவி உண்டு, ஃபேன் உண்டு, மத்தியானம் நான் உண்டு.

"அஞ்ச, அந்த ரூமிலே வைக்கலாமா?" என்று கதவைக் காட்டினாள் ஸ்ரீகுமாரி.

"வைக்கலாம் அக்கா" என்றான் ஆசாரி, என் பக்கமே திரும்பாமல்.

மத்தியானத்துக்குள் டிவி வெளியே வந்தது. வாசற்படியை உடைத்து சரிவாகப் பலகை போட்டார்கள். போட்டது அதே ஆசாரிதான். வேலை முடிந்து வந்த ஜேனட் பலகையில் ஏறி நேராக உள்ளே போய், ஃபேனுக்கு அடியில் வண்டியை நிறுத்தி, ஹாரன் அடித்துப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"கேக்காமலே ரூமையே தந்தியளே அண்ணே. உங்களைப் போய் தெற்றா நினைச்சிட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரிய மனுஷனாகத் தலையை ஆட்டிவைத்தேன்.

வியாழக்கிழமை கார் வந்தது. கூடவே மழையும் வந்தது. காலியான போர்ச்சில் ஸ்ரீகுமாரி கொடி கட்டி என் வேட்டிகளைக் காயப்போட்டிருந்தாள். சிவப்புக் கார் ரோட்டில் நனைந்தது. சாயங்காலச் சாயாவோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை.

"ஸ்ரீ, வாஸ்துவிலே ஒனக்கு அத்தனை நம்பிக்கையா?"

"உண்டு. அதுனாலதான் நேற்று சிரிப்பை அடக்கப் பாடுபட்டேன். கன்னிமூலைண்ணா தெக்குமேற்காக்கும். போர்ச்சு கெடக்கியது வடகிழக்கிலே. நம்ம வீட்டுக்க கன்னிமூலையிலேதான் நீங்க தினமும் ராத்திரி குறட்டை விட்டு உறங்குகிய."

குதித்து எழுந்தேன். "அப்பம் காரை போர்ச்சிலே விடலாம், இல்லியா?"

"தாராளமா விடலாம். ஆசாரிய பொய் சொல்லக் கூட்டிட்டு வந்தது நீங்கதாண்ணு மொதல்ல ஜேனட்டுட்டே போய்ச் சொல்லிட்டு வாங்க."

எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்து, கார் நனைவதைப் பார்த்தபடி மிச்சச் சாயாவைக் குடித்தேன்.